ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

அண்ணாச்சி, ஒரு பெண்ணின் மானத்தை நீங்கள் கெடுத்தீர்கள். பொய் என்று தெரிந்தே கெடுத்தீர்கள்.

கெடுப்பதற்கான காகிதத்தை உங்கள் கையில் கொடுத்தவன் நான். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடுவில் எங்கேயாவது நழுவிவிடுவேன். நழுவுவது எனக்குப் பழக்கம்.

போன வாரம் எங்கள் சர்ச்சின் இப்போதைய கமிட்டிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு மலர் போடுகிறார்களாம். "சபைக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையை நீங்கதான் எழுதணும். அந்தக் காலத்துல சின்னச் சின்ன புரோகிராமா சேத்து வச்சிருப்பியளாமே, அதப் பத்தி ருசியா ரெண்டு பக்கம் குடுங்க" என்றார். அதே பண்டிகையில், ஆராதனை முடிந்து எல்லோரும் பந்தியில் உட்காருவதற்கு முன்னால், உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகவும் சொன்னார். நீண்ட காலம் செயலாளராக இருந்த சேவைக்காக. சரி, எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு பக்கத்தில் இது அடங்காது. ருசியாகவும் இருக்காது.

தொண்ணூறுகளின் ஆரம்பம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் ராஜபாளையம் போய் ஒரு நூல் மில் ஆபீஸில் வேலை பார்த்தேன். மில்லில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஒரு கண்ணாடி அறை, அறைக்கு மட்டும் ஏசி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நூல் சுற்றும் ஷிப்டு முடிந்து வெளியே வரும் பெண்கள் தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார்கள். ஸ்டோர் கீப்பர் ஒருவர் தினமும் ஒரே கேலிதான்: "ஏலே, செருப்பக் கழட்டியாச்சு, தேங்காய ஒடச்சியா?" அவர் சிரிப்பார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். கண்ணாடிக்கு உள்ளே இருப்பவன் நான்.

மில்லின் வேலை போக, என்னிடம் சொந்தமாக ஒரு பிளாப்பி இருந்தது. மதுரையில் என்னோடு படித்தவன் கொடுத்தது. விசிறி மாதிரி வளைகிற, உள்ளங்கையைவிடப் பெரிய கறுப்பு பிளாப்பி. அதில் பத்துப் பன்னிரண்டு சின்ன புரோகிராம்கள். யார் எழுதியவை என்று தெரியாது. திரையின் மூலையில் கடிகாரம் காட்ட ஒன்று. வருஷ நாட்காட்டி அடிக்க ஒன்று. கொடுத்த வார்த்தையைப் படுக்கை வாட்டில் பெரிய எழுத்தாக, காகிதம் காகிதமாக அடித்துத் தள்ள ஒன்று. மில் ஆயுத பூஜைக்கு அதில்தான் பேனர் அடித்தேன், எட்டடி நீளம். தட்டச்சு பழக்க ஒன்று. இன்றைக்குச் செய்ய வேண்டியதை எழுதி வைத்தால் மறுநாள் காலையில் திறந்ததும் காட்டுவதற்கு ஒன்று. கேஸ் சிலிண்டர் பதிய வேண்டிய நாள், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி நாள், கடைசி பஸ் நேரம், எல்லாம் அதில் போட்டு வைத்தேன். இப்போது போனில் இதெல்லாம் சும்மா கிடக்கிறது. அப்போது அந்த பிளாப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன். கூட்டத்தில் யாராவது நெஞ்சில் இடித்துவிடுவார்களோ என்று கையைக் குறுக்கே வைத்துக்கொள்வேன்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பிறந்தநாள் புரோகிராம். நீலத்திரை, மஞ்சள் எழுத்து. ஒரு பெயர், ஒரு தேதி, என்ன விசேஷம் என்று ஒரு வார்த்தை. கேட்பது அவ்வளவுதான். அந்த நாள் வந்தால் ஒரு கீச்சுச் சத்தம் கொடுத்துச் சொல்லும். பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. தேதியைக் கொடுத்தால் இன்றுவரை எத்தனை வருஷம், எத்தனை மாசம் என்று எண்ணிக் காட்டும். மில்லில் மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் தேதி வாங்கிப் போட்டேன். காலையில் போனதும் வாட்ச்மேனிடம் "அண்ணே, பிறந்தநாள் வாழ்த்து" என்பேன். "ஏம்ப்பா, எம் பொஞ்சாதிக்கே தெரியாது, ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் வாய் பிளப்பார். அந்த வாய் பிளப்புக்காகத்தான் எல்லாம். எனக்கு அன்பு அதிகம் என்று அவர்கள் நினைத்தார்கள். அன்பு இல்லை. எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை.

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் அந்த வாரத்துப் பிறந்தநாள், கல்யாண நாள் பெயர்களை வாசிப்பார்கள். குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். ஐயர் பெயர் வாசித்ததும் அவரவர் எழுந்து முன்னால் போய் நிற்பார்கள். காணிக்கைக் கவரைத் தட்டில் போடுவார்கள். ஐயர் ஜெபிப்பார். துண்டுச் சீட்டுகளில் பெயர் எழுதி வைப்பது ஐயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வேலை. அவருக்கு மறதி. பெயர் விட்டுப்போனால் வாசலிலேயே சண்டை. "எம் பேத்தி பட்டுப் பாவாடையெல்லாம் கெட்டி ஒக்காந்திருக்கா, பேரு வாசிக்கல. நாங்க என்ன சபையில இல்லியா?" இப்படி ஒரு சண்டை முடிந்த ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணாச்சி, நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

அண்ணாச்சியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அப்போது சபையின் செயலாளர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆணி, கம்பி, பூட்டு விற்கும் கடை. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவர் சொன்னால் சபையில் நடக்கும். சொல்லாவிட்டால் நடக்காது.

"தம்பி, மில்லுல ஏதோ மிஷின் வச்சிருக்கியாம்லா, நாளு சொல்லுமாம்லா. நம்ம சபைக்கும் செஞ்சி குடேன். கர்த்தர் ஒனக்குக் குடுத்த தாலந்து."

எனக்குக் கால் தரையில் இல்லை. மேனேஜரிடம் கேட்டுச் சாப்பாட்டு நேரத்தில் அடித்துக்கொள்ள அனுமதி வாங்கினேன்.

தேதிகள் எங்கே கிடைக்கும்? சபை அலமாரியில் கல்யாணப் பதிவேடு இருந்தது. அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார். பக்கத்திலேயே ஞானஸ்நானப் பதிவேடுகள் மூன்று, தலையணை கனத்தில். ஒன்றைத் திறந்தேன். தும்மல் வந்தது. பழைய ஐயர்மார் கையெழுத்து, மங்கின மை, பூச்சி அரித்த ஓரம், பெயர் எதுவும் வரிசையில் இல்லை. பிள்ளை எந்த நாள் பிறந்தது, எந்த நாள் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், யார் சாட்சி என்று எல்லாம் அதில் இருந்தது. மூடி வைத்துவிட்டேன். நம் பிள்ளைகள் எல்லாம் ஒரே ஆரம்பப் பள்ளியில்தானே படிக்கிறார்கள் என்று அங்கே போய் சேர்க்கைப் பதிவேட்டைக் கேட்டேன். அது அழகாக, அகர வரிசையில், ஹெட்மாஸ்டரின் முத்து முத்தான எழுத்தில் இருந்தது. இரண்டு சனிக்கிழமையில் நகல் எடுத்து முடித்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் அநேகமாக எல்லோருக்கும் இரண்டு பிறந்தநாள். அம்மா சொல்லும் நாள் ஒன்று, பள்ளிக்கூடம் சொல்லும் நாள் ஒன்று. எனக்கே அப்படித்தான். இதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் யாரும் நம்பக் கூடாது. நம்பாதீர்கள். சோம்பேறித்தனம்.

ஜூன் முதல் ஞாயிறு வந்தது. ஐயர் என் காகிதத்தை விரித்தார். ஓரத்தில் துளை துளையாக இருக்கும் நீளக் காகிதம். சபையே கழுத்தை நீட்டிப் பார்த்தது. ஐயர் ஜூன் ஒன்று என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். வாசித்தார், வாசித்தார், நிறுத்தவே இல்லை. ஒரே நாளில் பிறந்தவர்கள் இருபத்தேழு பேர். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து முன்னால் போய்க் கும்பலாக நின்றன. தாய்மார் பாதிப் பேர் எழுந்து பிள்ளைகளைப் பிடித்து இழுத்தார்கள்.

"ஏலே, நீ ஆடியிலல்லா பொறந்த, எங்கல போற?"

"பேரு வாசிச்சாவளே!"

"வாசிச்சா? நாளைக்கு ஒனக்குக் கல்யாணம்னு வாசிச்சா போயிருவியா?"

பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு. என் பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் ஓர் அக்கா. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டராக இருந்த அண்ணனின் மனைவி. பாடகர் குழுவில் முதல் குரல் அவர்தான். அவருடைய பெண் பிள்ளையும் எழுந்துவிட்டாள். நான்காவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தார். "ஏட்டி, ஒனக்குக் கிறிஸ்மஸ் மாசம்லா! அதுக்குள்ள கேக்கு கேக்குதோ?" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். சுற்றி இருந்த எல்லோரும் கேட்டுச் சிரித்தார்கள். ஐயரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சி, நீங்களும்தான்.

ஆராதனை முடிந்ததும் ஹெட்மாஸ்டர் என்னிடம் வந்தார். "தம்பி, அது நாங்க போடுத தேதி. அஞ்சு வயசு முடிஞ்சாத்தான் ஒண்ணாங்கிளாசு. நாலரையில கூட்டிட்டு வந்துருதாவ. சார், எப்படியாச்சும் சேத்துக்கோங்கனு கெஞ்சுவாவ. ஜூன் ஒண்ணுன்னு போட்டு உக்கார வச்சிருவோம். அத நீ பொறந்தநாளுன்னு எடுத்துட்டியே!" என்று என் தோளைத் தட்டினார். அக்காவும் வந்தார். "தம்பி, எம் பிள்ளைக்கு டிசம்பர் பதினொண்ணு. எழுதிக்கோ, என்ன? அவ அப்பாவுக்கும் எனக்கும் சனவரில கல்யாணம், அந்த வருசமே கிறிஸ்மஸுக்குப் பதினாலு நாளைக்கு முன்ன பொறந்தா" என்றார். ஒரு காணிக்கைக் கவரின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். பெயர், டிசம்பர் 11. கவரை என் பைபிளுக்குள் வைத்தேன்.

அங்கேயே இருந்தது. திங்கட்கிழமை மில்லில் அதைத் தட்டியிருக்கலாம். செவ்வாயும் தட்டியிருக்கலாம். அடுத்த ஜூன் வரைக்கும் இனி இந்தத் தொந்தரவு வராது என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் கமிட்டித் தேர்தல். சிமெண்ட் ஆலை அண்ணன் நிற்பதாகப் பேச்சு வந்தது. போன கூட்டத்தில் எழுந்து, "ஒரே ஆளு எம்புட்டு வருசந்தான் செயலாளரா இருக்கது? மத்தவியளும் செஞ்சி பழகட்டும்" என்று நேரே கேட்டவர் அவர். பாதிச் சபை அவர் பக்கம். அந்தச் சமயத்தில் அண்ணாச்சி என்னைக் கடைக்கு வரச் சொன்னார். ஐயரோடு வீடு வீடாகச் சந்திக்கப் போகக் குடும்ப வாரியாக ஒரு பட்டியல் வேண்டும் என்றார். புருஷன், பொண்டாட்டி, பிள்ளைகள், எல்லாம் ஒரே இடத்தில் வர வேண்டும்.

என் புரோகிராமுக்கு அதுவும் தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் குடும்ப எண் கொடுத்தால் கூட்டிச் சேர்த்து அடிக்கும். எதிரே வருஷம், மாசம். அவ்வளவு அழகாக வந்தது. கல்யாணமாகி எத்தனை வருஷம், பிள்ளைக்கு எத்தனை வயசு, ஒன்றின் கீழ் ஒன்றாக. யாரும் இதைக் கேட்கவில்லை. நான்தான் காட்ட ஆசைப்பட்டு அந்தக் கட்டத்தையும் சேர்த்து அடித்தேன்.

கடையில் கல்லாவுக்கு முன்னால் நின்று அதை விரித்தோம். அண்ணாச்சி ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இதென்ன தம்பி? கல்யாணமாகி ஒம்பது வருசம் எட்டு மாசம். பிள்ளைக்கு ஒம்பது வருசம் மூணு மாசம்?"

சிமெண்ட் ஆலை அண்ணன் குடும்பம்.

"அப்படின்னா கல்யாணத்துக்கும் பிள்ளைக்கும் நடுவுல அஞ்சு மாசந்தான?"

இந்த இடத்தில் நான் நினைத்தது எனக்குத் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. முதலில் ஜூன் ஒன்று என்று நினைத்தேன். பைபிளுக்குள் இருந்த கவரை நினைத்தேன். சொல்ல வாயையும் திறந்தேன். அப்போது அண்ணாச்சி, "ஒம் மிஷினு சரியாத்தான் எண்ணுமா? இல்ல சும்மா பவுசுக்கு வச்சிருக்கியா?" என்று கேட்டார். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. என் புரோகிராமைப் பவுசு என்கிறாரே என்று.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது, அண்ணாச்சி" என்றேன்.

அண்ணாச்சி காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில், இரண்டு பேனாவுக்குப் பின்னால் வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் உரக்கப் பேசவில்லை. வாசலில் செருப்பு போடும்போது, குழாயடியில், பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது பேசினார்கள். என் காதிலேயே விழுந்தது. "நானும் நம்பலத்தான். ஆனா கம்ப்யூட்டர்லயே வந்திருக்காம்லா." அந்த ஒரு வார்த்தைதான். ஒருவர் கையால் எழுதின காகிதமாக இருந்திருந்தால், யார் எழுதியது என்று கேட்டிருப்பார்கள். ஓரத்தில் துளை இருந்ததால் யாரும் கேட்கவில்லை. ஜூனில் அந்தத் துளைக் காகிதத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள்தான். "கிறிஸ்மஸ் மாசம்லா" என்று அக்கா சொன்னதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள்தான். மூன்று மாசத்தில் எல்லோருக்கும் மறந்துபோனது.

கமிட்டியில் நிற்பவன் குடும்பம் நற்சாட்சி உள்ளதாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அதைச் சொல்லி, அந்த அண்ணனைத் தனியே கூப்பிட்டு, "சபைக்கு நடுவுல இதப் பேச வேண்டாம். பேர நீங்களே வாபஸ் வாங்கிக்கோங்க" என்றார்களாம். மனைவியின் பெயரைக் கூட்டத்தில் எடுக்க எந்தப் புருஷன் சம்மதிப்பான்? அவர் பெயரை வாபஸ் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டதால், விஷயம் உண்மைதான் என்று ஆகிவிட்டது.

ஒரு நாள் சாயங்காலம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அக்கா என்னைப் பார்த்துவிட்டார். கையில் மகளுக்கு வாங்கின நோட்டுகள். ஓடிப்போகலாமா என்று பார்த்தேன். பஸ் இல்லை.

"தம்பி, நீ அந்த டிசம்பரை எழுதிக்கிட்டல்லா?"

"எழுதிட்டேன் அக்கா."

"மிஷின்ல போட்டியா?"

"போட்டேன்."

"பொறவு எப்படிப்பா அப்படி வந்திச்சு?"

"மிஷின்ல ஏதோ கோளாறு, அக்கா."

கடையில் நின்று மிஷின் தப்புப் பண்ணாது என்று சொன்ன அதே வாய். அக்கா நோட்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அப்ப அத நீ அங்க வந்து சொல்லு தம்பி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். மிஷின்ல கோளாறுன்னு ஒரு வார்த்த. நீ சொன்னாத்தான் நம்புவாவ" என்றார். சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சபைக்குக் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை சபைக்குப் போய் அந்தத் தலையணைப் பதிவேட்டை எடுத்தேன். தேடக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பிறந்த நாள், டிசம்பர் பதினொன்று. ஜனவரியில் கல்யாணம், பதினோரு மாசம் கழித்துப் பிள்ளை. மறு ஜனவரியில் ஞானஸ்நானம். பழைய ஐயரின் கையெழுத்து. அதற்குக் கீழே, சாட்சி என்ற இடத்தில், நீல மையில், உங்கள் கையெழுத்து, அண்ணாச்சி. பெயருக்குக் கீழே இரண்டு கோடு போடுவீர்களே, அந்த இரண்டு கோட்டோடு.

சாட்சி நிற்பவர்தான் பிள்ளையை ஏந்துவார்; அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றது நீங்கள். அப்போது நீங்களும் அந்த அண்ணனும் சிநேகிதம். ஒரு மாசக் குழந்தையையும் ஏழு மாசக் குழந்தையையும் ஏந்தினவனுக்கு வித்தியாசம் தெரியாதா?

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தேன். அன்றைக்கு எனக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபம் எவ்வளவு நேரம் தாங்கியது என்றும் சொல்கிறேன். நீங்கள் யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"கையெழுத்து ஆயிரம் போட்டிருப்பேன் தம்பி. எல்லாத்தையும் ஞாபகம் வச்சிக்கிட முடியுமா?"

"ஞாயித்துக்கெழம சபையில சொல்லிருவோம் அண்ணாச்சி. தேதி தப்புன்னு."

நீங்கள் தராசைக் கீழே வைத்தீர்கள். "சொல்லேன். யாரு வேண்டாங்கா? மிஷினு தப்புப் பண்ணாதுன்னு இதே எடத்துல நின்னு சொன்னது யாரு? ரெண்டு பேரு சாட்சி இருக்காவ. பிள்ளையோட அம்மா தேதிய ஒங்கிட்ட சொல்லி எழுத வச்சாளாம்லா, அதையும் சொல்லு. தட்டலன்னு சொல்லு. ஒன்னையத்தான் கேப்பாவ, என்னைய இல்ல." பிறகு குரலைத் தணித்தீர்கள். "எலெக்சன் முடிஞ்சிட்டு. அவியளும் நாளாக நாளாக மறந்துருவாவ. நீ ஏம்ல கெடக்கதக் கிண்டுத? போ, பதிவேட்ட இருந்த எடத்துல வையி."

போய் வைத்தேன்.

கால் மணி நேரம் தாங்கிய கோபம். அந்த வருஷ அறிக்கையில் என் பெயரைப் போட்டு, "கணினி மூலம் சபைக்குச் செய்த ஊழியத்துக்காக" நன்றி சொன்னீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். இதை எழுதும்போது என் காது சுடுகிறது.

பதிவேட்டைத் திருப்பி வைத்த மறு திங்கட்கிழமை பிளாப்பியைப் போட்டு, அந்தப் பிள்ளையின் பெயரில் ஜூன் ஒன்றை அழித்து டிசம்பர் பதினொன்று என்று அடித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை ஜூனில் செலவழித்திருந்தால் போதும்.

டிசம்பரில் அந்த வாரத்துப் பட்டியலை ஐயர் வாசித்தார். அந்தப் பிள்ளையின் பெயரும் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஐயர் இன்னொரு தரம் வாசித்தார். பாடகர் குழுவில் முதல் குரல் இல்லை, இரண்டு பெஞ்சு முன்னால் அவர்கள் இடம் காலி. நவம்பரிலேயே ஆலங்குளத்துக்கு, ஆலை வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பட்டியலில் பெயரை விட்டு வைத்திருந்தேன். வாசித்தால் யாருக்காவது தேதி உறைக்கும், யாராவது ஜூனையும் டிசம்பரையும் சேர்த்து யோசிப்பார்கள், நான் வாய் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஐயர் அடுத்த பெயருக்குப் போனார். யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

அந்தச் சின்ன புரோகிராமை நான் எத்தனையோ வருஷம் வைத்திருந்தேன். பிளாப்பி கெட்டு, சின்ன பிளாப்பிக்கு மாற்றி, அந்த மிஷினும் போய்விட்டது. அதன் மேல் எனக்குக் கோபமில்லை. கொடுத்த தேதியை அது சரியாக எண்ணியது. அதைப் போல உண்மையாக நான் இருந்ததில்லை. இன்றைக்குப் பேத்தி என் போனில் பிறந்தநாள் சொல்லும் ஆப் ஒன்றைப் போட்டுத் தந்தாள். அவள் போனதும் எடுத்துவிட்டேன்.

அக்காவைப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். ராஜபாளையம் மார்க்கெட்டில், தொண்ணூறுகளின் கடைசியில். நரைத்திருந்தார். மகள் டீச்சர் டிரெயினிங் படிக்கிறாள் என்றார். என் அம்மாவின் உடம்பைக் கேட்டார். "தம்பி" என்றுதான் கூப்பிட்டார். அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் எடுக்கவில்லை. அவர் எடுக்கவில்லையே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைவிடக் கேவலமான நிம்மதி எனக்கு வேறு எப்போதும் வந்ததில்லை.

மலரில் இதைப் போடுவார்களா என்று தெரியாது. போடாவிட்டால் நகல் எடுத்து வாசலில் நின்று கொடுப்பேன். பண்டிகை அன்று நான் ஆலங்குளத்துக்குப் போய் அக்காவையும் அந்த அண்ணனையும் அழைத்து வருவதாக இருக்கிறேன். போனில் கேட்டுவிட்டேன். அக்கா, "வந்து உக்காருதோம். நீ மொதல்ல சொல்லு, மத்தத பொறவு பாப்போம்" என்றார். சரிதான். ஆராதனை முடிந்ததும் நான்தான் முதலில் எழுந்திருப்பேன். கவரில் எழுதினதை, தட்டாமல் விட்டதை, மிஷின் தப்புப் பண்ணாது என்றதை, கோளாறு என்றதை, இல்லாத காய்ச்சலை, எல்லாம் சொல்வேன். பைபிளுக்குள் அந்தக் கவர் இன்னும் இருக்கிறது. அதையும் கொண்டு வருவேன்.

பிறகு பதிவேட்டின் அந்தப் பக்கத்தை உங்கள் முன்னால் திறந்து வைப்பேன், அண்ணாச்சி. வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று சொல்ல வேண்டாம். நான் வாசித்துக் காட்டுகிறேன். பொன்னாடை போர்த்துவதற்கு முன்னால் உங்கள் கையில் மைக் வரும். நன்றி சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தபோது, அந்தப் பிள்ளை டிசம்பரில் பிறந்தவள் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? என் காதில் சொல்ல வேண்டாம், கடையில் வைத்துச் சொல்ல வேண்டாம். அந்த அக்கா உட்கார்ந்திருக்கும்போது, சபை முழுக்கக் கேட்கும்படி, மைக்கில் சொல்லுங்கள்.